வியாழக்கிழமைத் திருத்தம்

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு என் போன் அடிக்கும். எடுக்காமல் விட்டால் ஆறு பதினொன்றுக்கு மறுபடி அடிக்கும். எடுத்தால், தூங்குறியா முழிச்சிருக்கியா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "தம்பி, ஒரு திருத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு வரும் எரிச்சலை என்னவென்று சொல்ல? புதன்கிழமை சாயங்காலம்தான் எங்கள் பாட்காஸ்ட்டை ஏற்றிவிட்டு, இந்த வாரத்துப் பாடு முடிந்தது என்று படுத்திருப்பேன். அவர் அதை இரண்டு தடவை கேட்டு முடித்து, கையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்.

"பதினேழாவது நிமிசத்துல, அந்தக் கேமராமேன் கோயம்புத்தூர்க்காரர்னு சொல்லிருக்கேன். அவரு பொள்ளாச்சி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"ரெண்டும் பக்கம் பக்கந்தானண்ணே. யாரு கேக்கப் போறா?"

"மேலூர்க்காரன்ட்டப் போயி நீ மதுரைதானன்னு கேட்டுப் பாரு. என்ன சொல்றான்னு வந்து சொல்லு."

அவரோடு பேசி ஜெயித்த ஆள் கிடையாது. அடுத்த வாரப் பேட்டி முடிந்ததும், மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தொண்டையைச் செருமி, "ஒரு திருத்தம்" என்று பொள்ளாச்சியைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கேமராமேன் இறந்து எத்தனையோ வருடம். அவர் பிள்ளைகள்கூட எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்க வேண்டுமே.

பாட்காஸ்ட் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது சிம்மக்கல்லில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே இருக்கும் என் ஒலிப்பதிவு அறைதான். என் பிழைப்பு விளம்பரக் குரல். ஆடித் தள்ளுபடி, பழைய இரும்பு ஈயம் பித்தளை, காணாமல் போன நாய் எல்லாம் இந்தத் தொண்டைதான். பாதி மதுரை என் குரலைக் கேட்டுத் திட்டியிருக்கும். வாரம் ஒரு நாளாவது நமக்குப் பிடித்ததைச் செய்வோம் என்று, பழைய படங்களை எடுத்தவர்களையும் அவற்றை ஆராய்ந்து எழுதியவர்களையும் போனில் பிடித்துப் பேட்டி எடுத்து வெளியிட ஆரம்பித்தேன். கேட்பவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். அவ்வளவு பேர்தான்.

அந்தப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான் இவர். மூன்றாவது நிகழ்ச்சி வெளியான மறுநாள், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"நீங்கதான அந்தப் பாட்காஸ்ட்டு? தெப்பக்குளத்து டாக்கீஸ்ல பெண்களுக்குத் தனி வாசல் வலது பக்கம்னு சொல்லிருக்கீங்க. இடது பக்கம்."

நான் பிறப்பதற்கு முன்னாடியே பாதி இடிந்த கொட்டகை அது. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மனிதர் படியில் உட்கார்ந்து அந்தக் கொட்டகையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, இடைவேளையில் என்ன விற்றார்கள், யார் எந்த ரீலில் அழுதார்கள், அம்புட்டும். அடுத்த வாரம் பேட்டிக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் என் இடது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் அங்கேயே இருந்தார்.

கப்பலூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை ஒரு பெட்டியிலும் போட்டுப் போட்டு அந்தப் புத்தி வந்துவிட்டது என்று அவர் மனைவி சொல்வார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மதினி அடுக்களையிலிருந்து வேகமாகப் பேசிக்கொண்டே வரும்போது நடுவில் 'திருத்தம்' என்று தமிழில் ஒரு சொல் விழும். அண்ணனுக்குத் திட்டு விழுகிறது என்று தெரிந்துகொள்வேன்.

அடைப்பு என்று நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைக்க அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நானும் கூட இருந்தேன். படுத்தபடியே காகிதத்தை எட்டிப் பார்த்து, "சிஸ்டர், அறுபத்தாறுன்னு போட்டிருக்கீங்க. எனக்கு அறுபத்தேழு" என்றார். பேசாம படுங்க சார் என்றார்கள். "அறுபத்தாறு வயசுக்காரனுக்கு வைக்கிறத எனக்கு வச்சுட்டீங்கன்னா?" என்று கேட்டு, அவர்கள் அடித்துத் திருத்தின பிறகுதான் கையை மடக்கிப் படுத்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஊரைக் குற்றம் சொல்லித் திரிகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் தப்பைக் காதோடு சொல்வார். தன் தப்பைத்தான் மைக்கில் சொல்வார். ஒரு தடவை அழகர்கோவில் பக்கம் ஒரு வயலின்காரரைத் தேடி பஸ் ஏறிப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் டீக்கடையில் அந்த மனிதரிடம், ஒரு பாட்டில் வயலின் வாசித்தது இன்னார் என்று சொல்லியிருக்கிறார். அது இன்னொருவர் என்று அந்த வாரம்தான் தெரிந்ததாம். வயலின்காரருக்கு அந்தப் பாட்டும் நினைவில்லை, இவரையும் நினைவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். வெயிலில் திரும்பி வரும்போது எனக்குத் தலை வலி. "அவருக்குத்தான் மறந்துபோச்சே, எதுக்குண்ணே இந்த அலைச்சல்?" என்றேன்.

"எனக்கு மறக்கலையே" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்க்காமலே வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினான்கு வயதில் தெப்பக்குளத்து டாக்கீஸில் எட்டுத் தடவை பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெயர் போகட்டும், சரியாக ஓடாத படம், நெகட்டிவும் அழிந்துவிட்டது, டிவியிலும் வந்ததில்லை. அதில் ஒரு காட்சி. புருசன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பெண்டாட்டி அகப்பையோடு நிற்கிறாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்கிறாள். அவன் நிமிர்கிறான். அடுத்த நொடி, ஒரு மாட்டு வண்டி புழுதியில் போகிறது. வண்டியில் அவள், பக்கத்தில் அவள் பெட்டி. அவன் கழுவாத கையோடு வாசலில் நிற்கிறான்.

"என்ன சண்டை, யாரு கூட்டிட்டுப் போனா, ஒண்ணும் கிடையாது தம்பி. அவ கேட்டதுக்கு அந்த ஆளு பதிலே சொல்லல. கடேசி வரைக்கும் சொல்லல. பதினாலு வயசுல எனக்கு நெஞ்சக் கவ்விப் புடிச்சிருச்சு. இதை ஒருத்தன் உக்காந்து யோசிச்சு வச்சிருக்கான்ல? அன்னைக்குத்தான் சினிமான்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு."

இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். யாரைப் பேட்டி எடுத்தாலும் பேச்சு அந்த அகப்பையில் வந்து நிற்கும். அந்தப் படத்தை எடுத்த டைரக்டரை ஒரு தடவை பார்த்து, 'இதை எப்படி யோசிச்சீங்க?' என்று கேட்டுவிட வேண்டும். வேறு ஆசையே அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டைரக்டரை நான்தான் தேடிப் பிடித்தேன். தொண்ணூறு தாண்டியிருந்தது, சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை மகன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். போனில் பேசுவதற்கு இவர் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார்.

"ஐயா, வைக்கட்டுமான்னு அந்தம்மா கேட்டதும் நேரா வண்டி கெளம்பிருதே. அது நீங்க எழுதும்போதே யோசிச்சதா, வெட்டி ஒட்டும்போது யோசிச்சதா?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம். "ஆமா" என்றார் டைரக்டர். பிறகு, "ஆமா, ஆமா. யோசிச்சுத்தான் வச்சேன். ஜனங்களுக்குப் புரியும்னு ஒரு நம்பிக்கை" என்றார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். அந்தச் சத்தம்கூடப் பதிவில் இருக்கிறது. சந்தோஷத்தில் என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் இன்னும் ஏதேதோ கேட்டார். "வண்டி போறப்ப தூறல் விழுமே, அது நிஜ மழையாங்கய்யா?" "ஆமா, நிஜ மழை" என்றார் டைரக்டர். எது கேட்டாலும் ஆமாதான் வந்தது. எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நிகழ்ச்சி ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அழுதேன் என்று எழுதினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இவர் தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தார். அந்த வியாழக்கிழமை மட்டும் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். "ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

சித்திரை பிறந்த முதல் வாரம் ஒரு பெண்ணிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. முனிச்சாலையில் தையல் கடை வைத்திருக்கிறவர். 'எங்க அத்தா தெப்பக்குளத்து டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தாங்க. உங்க நிகழ்ச்சியைக் கேட்டாங்க. பேசணும்னு சொல்றாங்க.' படம் ஓட்டியவரிடம் நாலு வேடிக்கைக் கதையாவது கிடைக்கும் என்று ரெக்கார்டரோடு போனேன். அண்ணனுக்கு அன்றைக்கு மருத்துவமனைப் பரிசோதனை, அதனால் கூட வரவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா, ஆபரேட்டர் பாய், வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரையில் கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அந்தச் சோத்துக் காட்சி. அத டைரக்டர் வைக்கல தம்பி. நாந்தான் வச்சேன்."

பிறகு விளக்கிச் சொன்னார். "சாயங்கால ஆட்டம் ஆறு மணிக்கு. படம் நீளம். பூவந்திக்குப் போற கடைசி பஸ்சு தெப்பக்குளத்துல ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்கே பாதிச் சனம் எந்திரிச்சிரும், வண்டி புடிக்கணும்ல. நாற்காலிச் சத்தத்துல கடைசிக் கட்டமே கேக்காது. மேனேஜரு பாத்தாரு, பாய், பத்து நிமிசத்த எடுத்துருங்கன்னுட்டாரு. எல்லாக் கொட்டகையிலயும் பாட்டத்தான் எடுப்பாங்க. எனக்கு மனசு வரல. மூணு நாளு மத்தியானம் அந்த ரீல வச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் புள்ள சோறு வைக்கட்டுமான்னு கேக்குது. அதுக்கப்புறம் அப்பங்காரன் வாரான், சண்ட, அழுக, காலப் புடிக்கிறது, அம்புட்டும் பத்து நிமிசம். அந்தக் கேள்வியக் கேட்டப்புறம் அந்தப் புள்ள எம்புட்டு அழுதாலும் அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு எனக்குப் பட்டுச்சு. அந்தப் பத்து நிமிசத்த எடுத்துட்டு வண்டியக் கொண்டாந்து ஒட்டிட்டேன்."

"அப்ப மத்த ஊர்ல?"

"மத்த ஊர்ல முழுசாத்தான் ஓடிருக்கும். இங்க ஓடி முடிஞ்சு பிரிண்டத் திருப்பி அனுப்புறப்ப, எடுத்தத எடுத்த எடத்துலயே ஒட்டி அனுப்பிட்டேன். அடுத்தவங்க பொருளாச்சே." பாய் கொஞ்சம் குனிந்து கேட்டார். "அந்த அண்ணன் எட்டுத் தடவ பாத்தாராமே? நான் ஒட்டுனத ஒருத்தர் இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்திருக்காரு. எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. அவரக் கூட்டிட்டு வா தம்பி. நான் ஒரு தடவ பாக்கணும்."

"கூட்டிட்டு வாரேன் பாய்" என்றேன்.

கூட்டிக்கொண்டு போகவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து அங்கே பத்து நிமிட நடை.

ஏன் என்று என்னையே கேட்டால் இரண்டு காரணம் சொல்வேன். நெஞ்சில் கம்பி வைத்த மனிதர், வாழ்நாள் ஆசை நிறைவேறி இப்போதுதான் சிரிக்கிறார், அதைப் போய்க் கலைப்பானேன் என்பது ஒன்று. என் மனைவியிடமும் இதைத்தான் சொன்னேன். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் நிகழ்ச்சியில் நாலு பேர் கேட்டது அது ஒன்றுதான். அது பொய் என்று சொல்லிவிட்டு மறுபடி பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் போக எனக்குத் தெம்பில்லை. பாயின் பதிவைக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் போட்டு வைத்தேன். வைகாசி போனது, ஆனி போனது. பாயின் மகள் இரண்டு தடவை செய்தி அனுப்பினார். வேலை அதிகம், அடுத்த வாரம் வாரோம் என்று பதில் போட்டேன். ஆடிக் கடைசியில் மூன்றாவது செய்தி வந்தது. 'அத்தா மவுத் ஆயிட்டாங்க.'

துக்க வீட்டில் போய் நின்றேன். கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பும்போது அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். உள்ளே போகவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை ஆறு பத்துக்குப் போன் அடித்தது. அது திங்கட்கிழமை.

"தம்பி, ஒரு திருத்தம். டைரக்டர் பேட்டிய மறுபடி கேட்டேன். தூறல் விழுமேன்னு கேட்டிருக்கேன். என் நோட்டுல படம் பாத்த அன்னைக்கே எழுதி வச்சிருக்கேன், புழுதின்னு. அந்தப் படத்துல மழையே கிடையாது. வேற படத்தப் போட்டுக் கொழப்பிட்டேன். ஆனா அவரு ஆமான்னுட்டாரு." நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மழைக்கும் ஆமா, அதுக்கும் ஆமான்னா, ரெண்டுல ஒண்ண நான் எப்புடி நம்புறது? தினம் அந்த ரீல ஓட்டுனவருக்குத் தெரியும்ல? தெப்பக்குளத்து டாக்கீஸ்ல அப்ப ஆபரேட்டரா யாரு இருந்தான்னு தேடுவமா? உசுரோட இருந்தா கேட்டுப் பாத்துரலாம்."

பத்து மணிக்குப் படியேறி வந்தார். நான் ஹெட்போனை அவர் காதில் மாட்டிப் பாயின் பதிவைப் போட்டேன். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மனிதர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. 'நாந்தான் வச்சேன்' வரும் இடத்தில் புருவம் ஏறியது. மூன்று நாள் மத்தியானம் உட்கார்ந்திருந்த கதை வரும்போது முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றியவர் என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"பாத்தியா, பாத்தியா! ஒருத்தன் உக்காந்து யோசிச்சுத்தான் வச்சிருக்கான். நாஞ் சொன்னது சரியாப் போச்சா? ஆளுதான் மாறிப் போச்சு. நம்ம முனிச்சாலையில இருந்திருக்காரு! எந்திரி, போவோம்."

சட்டைப் பையில் பேனாவைச் சரிபார்த்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். நான் எழவில்லை.

"அண்ணே, அவரு இல்ல. ஆடியில இறந்துட்டாரு."

நின்றார். "இத எப்ப ரெக்கார்டு பண்ணுன?"

"சித்திரையில."

விரலை விட்டு எண்ணினார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. கம்பெனியில் வாஷர் எண்ணுகிற மாதிரி நிதானமாக எண்ணினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"அவரு பேரு என்ன?"

பாய் பாய் என்றுதான் கூப்பிட்டேன். மகளின் எண்ணைக்கூட 'பாய் வீடு' என்றுதான் வைத்திருந்தேன். நாற்பத்தேழு நிமிடப் பதிவில் அந்தக் கேள்வி இல்லை.

"பேரு கேக்கலயா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். நோட்டை மூடிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே முனிச்சாலைக்குப் போனோம். பாயின் மகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். இவர் யாரென்று நான் சொன்னதும் அந்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்கதானாண்ணே அது? வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து உக்காந்தா, அந்த அண்ணன் வந்தாரான்னு கேப்பாங்க. உங்களுக்குன்னு இன்னொரு நாற்காலியக் கொண்டாந்து போடச் சொல்லுவாங்க. சாயந்தரம் நாந்தான் எடுத்து உள்ள வைப்பேன்."

இவர் கையைக் கூப்பினார். பிறகு நோட்டை எடுத்துப் பெயர் கேட்டு, மகள் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைத் திருப்பிக் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் திருத்தத்தைப் பதிவு செய்தோம். வழக்கமாக இரண்டு நிமிடம் பேசுபவர் இருபது நிமிடம் பேசினார். பூவந்தி பஸ், மூன்று மத்தியானம், எடுத்ததை எடுத்த இடத்திலேயே ஒட்டி அனுப்பியது என்று ஒன்று விடவில்லை. டைரக்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வயதானவரிடம் நான்தான் வாயில் வார்த்தையைப் போட்டேன் என்றார். அண்ணனை அறிமுகப்படுத்த அவர் பெயரைச் சொல்லட்டுமா என்றேன். "தப்பாச் சொன்னவன் பேரு எதுக்கு? சரியாச் செஞ்சவரு பேரப் போடு" என்றார். இன்றைக்கு இதில் அவர் பெயரை நான் எழுதாததும் அதனால்தான்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு முகவுரையை நான் தனியாகப் பதிவு செய்து சேர்த்தேன். என் விளம்பரக் குரலில், நல்ல உருக்கமாக, 'இந்த இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கக் காலம் விடவில்லை' என்று சொன்னேன். புதன்கிழமை ஏற்றினேன்.

வியாழக்கிழமை ஆறு பத்து.

"தம்பி, ஒரு திருத்தம். முதல் நிமிசத்துல காலம் விடலன்னு சொல்லிருக்க. காலம் விட்டுச்சுய்யா. நாலு மாசம் விட்டுச்சு."

"சரிண்ணே. அடுத்த வாரம் சொல்லிர்றேன்."

"சொல்லிரு."

சொல்லவில்லை. இரண்டு நிமிட வேலை. ஐப்பசியில் மழை, கார்த்திகையில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மார்கழியில் கோயில் விளம்பர வேலை. மைக்கை இழுத்து அதை என் வாயால் சொல்ல எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அவரும் மறுபடி கேட்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று படியேறுவதை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமைகளில் நான் ஆறு பத்துக்குத் தானாக முழித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அது அடிக்காது.

தை மாதம் தெப்பத் திருவிழா வாரத்தில் இறந்துபோனார். வீட்டில் சொந்தக்காரர்கள் அவர்கள் மொழியில் பேசி அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். மதினி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து தமிழில் சொன்னார். "போன வியாழக்கிழமை வரைக்கும் கேட்டாருப்பா. போனை எங்கிட்டக் குடுத்து, அந்தத் தம்பி அதைச் சொல்லிருச்சான்னு போட்டுப் பாக்கச் சொல்லுவாரு. என்னத்தன்னு எனக்குத் தெரியல. நீ சொல்லிட்டியா?"

அதற்கு மேல் பாட்காஸ்ட்டை நான் நடத்தவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு திருத்தம். புரட்டாசியில் வந்த எங்கள் நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தில், தெப்பக்குளத்து டாக்கீஸ் ஆபரேட்டர் அ. நாகூர் கனி அவர்களும் என் அண்ணனும் சந்திக்கக் காலம் விடவில்லை என்று சொல்லியிருந்தேன். காலம் நான்கு மாதம் விட்டிருந்தது. இன்னொரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை.